விடைபெறுதலும் விடைசொல்லுதலும்: இலங்கைப் படையினரின் ஒழுங்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

படைத்துறையில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெறும் அதிகாரி விடைபெறும் வேளையில் ஆற்றும் உரையும், வெளியிடும் இறுதி நாட்கட்டளையும் வரலாற்று மாணவராற் பெரிதும் கவனிக்கப்படாத ஆவணங்களாகும். அவற்றின் வடிவம் ஏறத்தாழ எங்கும் ஒன்றே. அணிவகுப்பு மரியாதை நடைபெறும். முகாமின் முற்றத்தில் மரக்கன்றொன்று நடப்படும். அதிகாரிகளோடு கூடி நிழற்படம் எடுக்கப்படும். இரவில் விருந்து நிகழும். உரையிற் சில சொற்கள் தவறாது இடம்பெறும்: கடமை, விசுவாசம், தியாகம், ஒழுங்கு. தமக்குக் கீழ்ப் பணிபுரிந்த சிப்பாய்களைத் தம் பிள்ளைகள் எனச் சுட்டும் வழக்கமும் உண்டு. இவற்றை வெறுஞ் சடங்கெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தான் எதனை நம்ப விரும்புகின்றது என்பதும், எதனைப் பேசாது விடுகின்றது என்பதும் இத்தகைய சடங்குகளிலேயே தெளிவாக வெளிப்படுகின்றன.

இவ்வகையில், இராணுவப் பொலிஸ் பிரிவொன்றின் தலைவர் விடைபெறுவது தனிக் கவனத்துக்குரியது. ஏனைய தளபதிகள் பகைவனை நோக்கிப் படையை நடத்துபவர்கள். இராணுவப் பொலிசாரின் தொழிற்பொருளோ தம் சக சிப்பாய்களே. விடுமுறையின்றி நீங்கியோரைத் தேடிப் பிடித்தல், படைக் காவற்கூடங்களைப் பேணுதல், படைவாகனங்களின் போக்குவரத்தை ஒழுங்கு செய்தல், சீருடையணிந்தோர் புரிந்த குற்றங்களை விசாரித்தல் என்பன அவர்தம் பணிகள். போர்க்காலத்திற் படையை விட்டோடியோர் பல பதினாயிரவர். அவர்களுட் பெரும்பாலார் வறண்ட பிரதேசத்துக் கிராமங்களிலிருந்து வேறு தொழில் வாய்ப்பின்றிப் படையிற் சேர்ந்த இளைஞர் என்பதனை நினைவிற் கொண்டால், இராணுவப் பொலிஸ்காரன் தேடிச் சென்ற வீடு எத்தகைய வீடு என்பது விளங்கும். ஓடிப்போனவனைப் பிடிப்பது அவனுக்கு நாளாந்தப் பணி. குடிமகன் ஒருவனுக்குத் தீங்கிழைத்த சிப்பாயைப் பிடிப்பது அரிதாகவே அவன் கைக்கு வந்த பணி. இந்த வேறுபாடே எமது ஆய்வுப் பொருளாகும்.

ஒழுங்கு என்ற சொல் விடைபெறும் உரைகளில் ஒரே பொருளுடையது போல வழங்கப்படுகின்றது. உண்மையில் அதற்குள் இரண்டு கடப்பாடுகள் அடங்கியுள்ளன. ஒன்று, சிப்பாய் தன் மேலாளனுக்குக் கீழ்ப்படிதல். மற்றது, சிப்பாயும் அவன் மேலாளனும் தாம் காக்க வேண்டிய மக்களுக்கும் நாட்டின் சட்டத்துக்கும் விடைசொல்லுதல். முன்னையது இருக்குமிடத்திற் பின்னையது தானே வந்துவிடும் எனப் படைத்துறையினர் கருதுவர். கொழும்பு நகரின் வரலாறு, சிறப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ் மக்களின் அனுபவம், இக்கருத்தை ஆதரிப்பதாக இல்லை.

இங்கு சற்றே பின்னோக்கிச் செல்வது பொருந்தும். இலங்கையிற் படைவீரர் தம் கடமை குறித்துத் தாமே பேசிய மிகப் பழைய தமிழ் ஆவணங்களுள் ஒன்று பொலனறுவையிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டாகும். முதலாம் விஜயபாகு சோழநாட்டின் மீது படையெடுக்கப் பணித்தபோது வேளைக்காரர் கிளர்ந்தெழுந்ததையும், மன்னன் அதனைக் கொடிய முறையில் அடக்கியதையும் சூளவம்சம் கூறுகின்றது. பின்னர் பொறிக்கப்பட்ட கல்வெட்டிலோ அதே படையினர் தந்தப் பேழை வைக்கப்பட்ட கோயிலையும், அதற்குரிய ஊர்களையும் பரிவாரங்களையும் தாம் காப்பதாக உறுதி கூறுகின்றனர். பௌத்தரின் புனிதப் பொருளுக்குத் தமிழ் பேசிய படையினர் காவலராயினர் என்பதை இன ஒற்றுமைக்குச் சான்றாகப் பலர் எடுத்துக்காட்டுவர். அதிலும் கவனிக்கத்தக்கது, அவ்வுறுதி மன்னனுக்குக் கீழ்ப்படிவதாக அன்றிக் காக்கப்படுவோர்க்குக் கடன்படுவதாக அமைந்தமையேயாம்.

பிரித்தானியர் இங்கு அமைத்த படையமைப்பில் இத்தகைய இருபுற உறுதிக்கு இடமிருக்கவில்லை. 1915இல் முஸ்லிம்களுக்கெதிரான கலவரத்தை அடக்கவென யூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, படையினரும் ஐரோப்பியத் தொண்டர்களும் விசாரணையின்றியே பலரைச் சுட்டனர். கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரியாகிய ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி யூலை 7ஆம் நாள் வெலிக்கடையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் மக்களைச் சுட்டோர் எவரும் விடைசொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களைக் காப்பதற்கென அவ்வாண்டு ஓகஸ்டிலேயே நட்டோத்தரவாதக் கட்டளையொன்று இலண்டனிலிருந்து வந்து சேர்ந்தது. இக்கொடுமைகளைச் சட்டநிரூபண சபையில் அம்பலப்படுத்திப் பின்னர் இலண்டன் வரை சென்று வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய பிற்கால அரசியலை முற்போக்காளர் பலவாறு விமர்சிப்பர், நாமும் விமர்சிப்போம். ஆயினும், படை அதிகாரி மக்களுக்கு விடைசொல்ல வேண்டும் என்ற கோரிக்கையைத் தெளிவாக முன்வைத்தவர்களுள் அவர் முதல்வரிசையினர் என்பதை மறுத்தல் இயலாது.

இரண்டாம் உலகப் போரின்போது அதே வெலிக்கடை மற்றொரு தண்டனையைக் கண்டது. கொக்கோஸ் தீவுகளில் நிறுத்தப்பட்டிருந்த இலங்கைக் காவற் பீரங்கிப் படையினர் சிலர், 1942 மே 8ஆம் நாள் இரவு தம் பிரித்தானிய அதிகாரிக்கெதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சி தோற்றது. தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோ ஓகஸ்ட் 5ஆம் நாளும், அவருடைய தோழர் இருவர் அடுத்த சில நாள்களிலும் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். கிளர்ச்சிக்கும் கயிற்றுக்கும் இடையே மூன்று மாதங்களே கழிந்தன. அப்போரிற் பொதுநலவாய நாடுகளின் படையினருட் கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரணதண்டனை பெற்றவர்கள் இம்மூவருமே. அதிகாரிக்கெதிராகச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பினால் நீதி எவ்வளவு விரைவாக நடக்கக்கூடும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை. இந்த மூன்று மாதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

சுதந்திரத்தின் பின், 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின் கீழ் அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் இலங்கை இராணுவம் நிறுவப்பட்டது. முதலிரு தளபதிகளும் பிரித்தானியர். 1955இல் அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் ஒரு தமிழர்: அன்ரன் முத்துக்குமாரு. கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் கற்று, பாரிஸ்டராகத் தகுதி பெற்று, 1934இல் இலங்கைக் காலாட்படையில் அதிகாரியானவர். நிரந்தர இராணுவத்தின் முதலாவது காலாட்படைப் பட்டாளத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அக்கால அதிகாரி வர்க்கத்தின் முழுமையான பிரதிநிதி என அவரைக் கொள்ளலாம். ஆங்கிலக் கல்வி, நகரவாழ்வு, கிறித்தவக் கல்லூரி, விளையாட்டுக் கழகம் ஆகியவற்றால் உருவான அவ்வர்க்கத்திற் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் ஒருவரையொருவர் நன்கறிவர். தம் கீழிருந்த சிப்பாயின் கிராமத்தைத்தான் அவர்கள் அறியார்.

அவர் தளபதியாயிருந்த ஐந்தாண்டுகள் இலங்கை வரலாற்றின் திருப்புமுனையான ஆண்டுகளாகும். புதிய இராணுவத்துக்குக் கிடைத்த முதல் நெடுங்காலப் பணியே தமிழ் மக்களோடு தொடர்புடையது. தென்னிந்தியாவிலிருந்து அனுமதியின்றி வருவோரைத் தடுக்கவென 1952இல் தொடங்கிய 'மொன்ரி நடவடிக்கை'யின் கீழ்ப் படையினர் வடமேற்குக் கரையோரங்களில் நிறுத்தப்பட்டனர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தொழிலாளர் நாடற்றவராக்கப்பட்டதன் தொடர்ச்சியாகவே இதனை நோக்கவேண்டும். பிடிபட்ட தொழிலாளியும் தமிழன். 1955இன் பின் படையின் தளபதியும் தமிழர். இருவருக்குமிடையே இனம் ஒன்றாயிருந்தது; வர்க்கம் ஒன்றாயிருக்கவில்லை. தளபதியின் இனத்தை வைத்துப் படையின் இயல்பைக் கணிக்க முற்படுவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

1956 யூன் 5ஆம் நாள் தனிச் சிங்களச் சட்ட மசோதாவை எதிர்த்துக் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் செய்த தமிழரசுக் கட்சியினர் காடையராற் தாக்கப்பட்டனர். பொலிசார் பார்த்து நின்றனர். அம்மாதமே கல்லோயாவில் வன்செயல் மூண்டு, இராணுவம் அனுப்பப்பட்டது. சிங்கத்தைப் பெயராகக் கொண்ட சிங்கப் படைப்பிரிவு அமைக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. படையணிகளின் பெயர்களே ஒரு வரலாற்றேடு எனலாம்: 1962இற் கெமுனுவும், 1980களில் விஜயபாகுவும் கஜபாவும் வந்து சேர்ந்தனர். எல்லாளன் பெயரால் ஓர் அணி அமையவில்லை.

1958 மே மாதக் கலவரமே முத்துக்குமாருவின் பதவிக்காலத்தின் உச்சச் சோதனை. முந்திய ஆண்டின் பண்டா-செல்வா ஒப்பந்தம் ஏப்பிரலிற் கிழித்தெறியப்பட்டதைத் தொடர்ந்து, மே 22 அளவில் வடமத்திய மாகாணத்திற் தொடங்கிய வன்செயல் சில நாள்களிற் கொழும்பை எட்டியது. வெள்ளவத்தையிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மே 27இல் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்படும் வரை அரசாங்கம் தயங்கி நின்றது. பிரகடனத்தின் பின் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க நேரடியாகப் பொறுப்பேற்றார். படையினர் வீதிக்கு வந்தனர். ஊரடங்கு கடுமையாக அமுல் செய்யப்பட்டது. பெரும்பான்மையும் சிங்களவராயிருந்த அச்சிப்பாய்கள் சிங்களக் காடையர் கூட்டங்களைக் கலைத்தனர். தேவைப்பட்ட இடங்களிற் சுட்டனர். ஆயிரக்கணக்கான தமிழர் கொழும்பில் அகதிமுகாம்களிற் பாதுகாக்கப்பட்டுக் கப்பல்களில் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டனர். தாசி வித்தாச்சி அவ்வாண்டே எழுதி இலண்டனில் வெளியிட்ட நூல் இந்நாள்களின் முதன்மைப் பதிவாக இன்றும் நின்று நிலவுகின்றது.

தளபதி தமிழராயிருந்தமையாற் படை தமிழரைக் காத்தது என்று கூறுதல் எளிய விளக்கம். அதனை நாம் ஏற்கவில்லை. அரசியல் தலைமை தயங்கிய ஐந்து நாள்களிலும் தளபதி அதே தமிழரே. படை முகாமில் இருந்தது. கட்டளை கிடைத்தபின் அது நிறைவேற்றப்பட்டது. நிறைவேற்றுகையிற் சிப்பாய் தன் இனத்தைக் கலவரக் கூட்டத்தோடு இணைத்துப் பார்க்கவில்லை. சட்டத்தை மீறியவன் யாராயினும் அவன் மீறியவனே என்ற நிலை பொதுவாகப் பேணப்பட்டது. கீழ்ப்படிதலும் விடைசொல்லுதலும் ஓரளவுக்கேனும் ஒருங்கே நின்ற காலம் அது. அந்நிலை அதிகாரி வர்க்கத்தின் பழைய பண்பாட்டை நம்பி நின்றதேயன்றி மக்கள் கட்டுப்பாட்டை நம்பி நின்றதன்று. ஆகவே அவ்வர்க்கம் அகன்றபோது அதுவும் அகன்றது.

1959 செப்டெம்பரிற் பிரதமர் பண்டாரநாயக்க கொலையுண்டார். அவ்வாண்டின் இறுதியில் முத்துக்குமாரு ஓய்வுபெற்றார். பின்னர் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து முதலிய நாடுகளில் இலங்கையின் பிரதிநிதியாகப் பணிபுரிந்தார். ஒரு தளபதியின் உண்மையான விடைபெறலுரை அணிவகுப்புத் திடலில் நிகழ்வதன்று. அவர் பின்னர் எழுத அமரும்போது நிகழ்வது. முத்துக்குமாரு எழுதிய இலங்கையின் படைத்துறை வரலாறு பற்றிய சுருக்க நூல் 1987இற் புதுதில்லியில் வெளியாயிற்று. நாடு 1972இலேயே பெயர் மாறிவிட்டபோதிலும் நூலின் ஆங்கிலத் தலைப்பில் 'சிலோன்' என்ற பழைய பெயரே நின்றது. வடமராட்சி மீது அவர் ஒருகாலத் தலைமையேற்ற இராணுவம் படையெடுத்ததும், இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அந்த 1987ஆம் ஆண்டிலேயே என்பதை நினைக்குமிடத்து, அப்பழைய பெயர் வெறும் பழக்கத்தால் நின்றதாக எமக்குத் தோன்றவில்லை. தாம் பணிபுரிந்த படைக்கும் கண்முன் நின்ற படைக்கும் இடையே ஒரு கோடு அத்தலைப்பில் விழுந்துள்ளது. அவர் 2001இற் காலமானார்.

அவருக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1961இல் வடக்கு கிழக்குச் சத்தியாக்கிரகத்தை முறியடிக்க அவசரகால நிலையின் கீழ் இராணுவம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டது. 1962 சனவரி 27இற் படை, பொலிஸ் உயரதிகாரிகள் சிலரின் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி அம்பலமானது. குற்றஞ்சாட்டப்பட்ட இருபத்து நால்வரும் பெரும்பாலும் கிறித்தவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் மூவினத்தவரும் அவர்களுள் இருந்தனர். அவர்களைத் தண்டிக்கவென முற்காலத்துக்கும் செல்லுபடியாகுமாறு இயற்றப்பட்ட விசேட சட்டத்தை இலண்டன் கோமறைக் கழகம் 1965 டிசம்பரில் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ள, அனைவரும் விடுதலையாயினர். இச்சதி மக்கள் சார்பானதன்று. தம் சலுகைகள் பறிபோவதைக் கண்ட ஒரு வர்க்கத்தின் முயற்சியே அது. ஆயினும் அதன் விளைவு அவ்வர்க்கத்தோடு நின்றுவிடவில்லை. 'நம்பத்தக்க' படையைக் கட்டுவது என்ற பெயரில் ஆட்சேர்ப்பும் பதவியுயர்வும் ஓரினமயமாயின. 1980களின் தொடக்கத்தில் இராணுவத்திற் தமிழ்ச் சிப்பாயைக் காண்பது அரிதாயிற்று.

ஓரினமயமாதல் அவ்வினத்து மக்களையேனும் காத்ததா? 1971 ஏப்பிரற் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்னும் சிங்கள இளம்பெண் படையினராற் கொடூரமாகக் கொல்லப்பட்டாள். அவ்வழக்கில் ஓர் அதிகாரியும் ஒரு சார்ஜன்டும் சிவில் நீதிமன்றத்தாற் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றனர். ஆயிரக்கணக்கில் இளைஞர் மாண்ட அக்கிளர்ச்சியில் விடைசொல்ல வைக்கப்பட்ட நிகழ்ச்சி அது ஒன்றே எனுமளவுக்கு அரிது. தெற்கின் வறிய இளைஞர் மீது பழகிய கை வடக்கிலும் அவ்வாறே இயங்கியதில் வியப்பில்லை.

1983க்கு வருவோம். இவ்வாண்டில் நாட்டின் பொலிஸ் மா அதிபர் ஒரு தமிழர்: ருத்ரா இராஜசிங்கம். 1958ஐத் தளபதியின் இனத்தால் விளக்க விரும்புவோர்க்கு இவர் பெயரே போதிய மறுமொழி. யூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியிற் பதின்மூன்று சிப்பாய்கள் புலிகளின் தாக்குதலிற் கொல்லப்பட்டனர். மறுநாள் படையினர் அப்பகுதியில் ஐம்பது பேர் வரையிலான பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். அன்று மாலை பொரளைக் கனத்தை மயானத்திற் சடலங்களை எதிர்பார்த்துத் திரண்ட கூட்டத்திலிருந்து புறப்பட்ட வன்செயல், 25ஆம் நாள் காலையில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை, கொட்டாஞ்சேனை எனப் பரவியது. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்து வீடுகளை இனங்கண்டனர். பிற்பகல் இரண்டு மணிக்கு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டும் எரிப்பு நிற்கவில்லை. லொறிகளில் வந்த படையினர் பார்த்து நின்றதையும், சில இடங்களில் ஊக்கப்படுத்தியதையும், எரிபொருள் கொடுத்துதவியதையும் கண்டோர் பலர் பதிவு செய்துள்ளனர். சிங்கள அயலவர் தம் வீடுகளில் தமிழரை ஒளித்துவைத்துக் காத்ததும் அதே வீதிகளிலேயே. சீருடை இல்லாதவர் சட்டத்தைக் காத்தனர், சீருடையினர் காக்கவில்லை. நாட்டின் தலைவர் வானொலியிற் பேச 28ஆம் நாள் வரை ஆயிற்று.

இங்கு சிதைந்தது எந்த ஒழுங்கு? இரண்டும் எனவே கூறவேண்டும். அவ்வாண்டின் முற்பகுதியிலேயே வடக்கிற் படையினர் பழிவாங்கலில் ஈடுபட்டு வந்தனர். ஒழுக்காற்று நடவடிக்கைக்கெதிராகச் சிப்பாய்களே கிளர்ந்த ரஜரட்ட ரைபிள்ஸ் படையணி கலைக்கப்பட்டு, ஒக்டோபரில் விஜயபாகு படையணியினரோடு சேர்க்கப்பட்டுக் கஜபா படையணியாயிற்று. அணியின் பெயர் மாறியது. அழிவுக்கு எவரும் விடைசொல்லவில்லை. வெலிக்கடைச் சிறையில் யூலை 25ஆம் நாளும் 27ஆம் நாளும் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது சிறைவளாகத்திற் படையினர் காவலிருந்தனர். இரண்டாம் நாட் கொலையை இறுதியில் நிறுத்தியவர்களும் படையினரே. உறுதியான கட்டளையோடு வந்த கொமாண்டோ அணியினர். காக்க இயலாதிருந்தது என்ற வாதத்தை அச்செயலே பொய்யாக்குகின்றது. நீதவான் மரணவிசாரணை நடத்திக் கொலையெனத் தீர்மானித்தார். குற்றவாளிக் கூண்டில் எவரும் ஏற்றப்படவில்லை. 1942இல் அதே சிறையில் நீதிக்கு மூன்று மாதம் போதுமாயிருந்தது.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1977 ஓகஸ்ட் மாதக் கலவர காலத்தில் அமைதியை நிலைநாட்டவென நல்லெண்ணத்துடன் செயற்பட்டதாகக் கொள்ளப்படும் அமைச்சர், பொலிசார், படையினர் ஆகியோரை வழக்குகளிலிருந்து காக்கும் நட்டோத்தரவாதச் சட்டம் 1982இல் இயற்றப்பட்டது. 1988இல் அதன் காலவெல்லை அவ்வாண்டு டிசம்பர் வரை நீட்டப்பட்டது. ஆக, யூலை 1983 அதன் நிழலுக்குள் வந்துவிட்டது. 1915இல் இராமநாதன் எதிர்த்துப் போராடிய அதே கருவியைச் சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் இம்முறை தன் கையாலேயே செய்து கொண்டது. ஏகாதிபத்தியம் விட்டுச் சென்றவற்றுள் இத்தகையவை தாம் பழுதுபடாது பேணப்படுகின்றன.

போர்க்காலத்திற் கொழும்பு மற்றொரு வகை ஒழுங்கையும் கண்டது. 2007 யூன் 7ஆம் நாள் அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 376 பேர் எழுப்பப்பட்டு, பேருந்துகளில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தோர், மருத்துவத்துக்கென வந்தோர், வேலை தேடி வந்தோர் என இவர்கள் பலதிறத்தினர். பொதிகளைக் கட்டிக்கொள்ளச் சிறிது நேரமே வழங்கப்பட்டது. 1983ஐப் போல இங்கு குழப்பமோ கட்டளை மீறலோ இருக்கவில்லை. கட்டளை மேலிருந்து வந்தது. பொலிசார் பிழையறக் கீழ்ப்படிந்தனர். விடைபெறும் உரைகளிற் புகழப்படும் ஒழுங்கு அதன் தூய வடிவில் அன்று இயங்கியது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. ஒரு பகுதியினர் திருப்பி அழைத்து வரப்பட்டனர். பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். 1983இல் வீடு இழந்தவருக்கும் 2007இல் விடுதியினின்று இறக்கப்பட்டவருக்கும் படை ஒழுங்கு பற்றிய பேச்சு ஒரே தொலைவிலிருந்துதான் கேட்டிருக்கும்.

இனி, தொடக்கத்திற் கூறிய இராணுவப் பொலிசுக்கு மீள்வோம். அப்பிரிவின் வரலாற்றில் விடைபெறும் தலைவர் எவரும் பெருமையுடன் குறிப்பிடத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. 2000 டிசம்பர் 19ஆம் நாள், தென்மராட்சியின் மிருசுவிலில் இடம்பெயர்ந்திருந்த குடும்பத்தினர் சிலர் தம் வீடுகளைப் பார்த்துவரச் சென்றபோது படையினராற் பிடிக்கப்பட்டனர். எண்மர் கொல்லப்பட்டு ஒரு மலக்குழியிற் புதைக்கப்பட்டனர். அவர்களுள் ஐந்து வயதுச் சிறுவனும் ஒருவன். காயத்துடன் தப்பியோடிய ஒருவர் நடந்ததைக் கூறினார். அம்முறைப்பாட்டின் பேரில் இராணுவப் பொலிஸ் அதிகாரியொருவர் விசாரணை நடத்தினார், தப்பியவரையும் உடன்கொண்டு அவ்விடத்துக்குச் சென்றார், சந்தேகத்துக்குரிய சிப்பாய்கள் கைதாயினர், சடலங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. ஒரு தமிழ்க் கிராமத்தவரின் சொல்லை நம்பிச் சீருடையணிந்த ஒருவர் தம் சக சீருடையாளரைக் கைது செய்தார். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது. குற்றம் நிகழ்ந்து சில நாள்களுக்குள்ளேயே நிகழ்ந்தது.

இராணுவப் பொலிசின் கையில் இப்பணி எந்நாளும் இருந்தது; செய்யத் தெரியாமையால் அது செய்யப்படாது விடப்படவில்லை என்பதை மிருசுவில் நிறுவுகின்றது. 1996இல் யாழ்ப்பாணம் செம்மணிச் சோதனைச் சாவடியில் மாணவி கிருஷாந்தியும் அவரைத் தேடிச் சென்ற தாய், தம்பி, அயலவர் ஆகியோரும் கொல்லப்பட்ட வழக்கிலும், 1998இற் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினர் சிலருக்கு மரணதண்டனை விதித்தது. அத்தண்டனை பெற்ற சிப்பாயொருவன் நூற்றுக்கணக்கானோர் செம்மணியிற் புதைக்கப்பட்டுள்ளதாக நீதிமன்றத்திற் கூறினான். 1999இல் நடந்த அகழ்வில் பதினைந்து சடலங்கள் எடுக்கப்பட்டன. 2025இல் அப்பகுதியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்விலோ இருநூறுக்கு மேற்பட்ட மனித என்புக்கூடுகள் வெளிவந்தன. சாவடியிற் கட்டளை கொடுத்தோர் பற்றிய கேள்விகள் அத்தண்டனைகளோடு முடிந்துவிடவில்லை.

மிருசுவில் வழக்கு கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூவர் கொண்ட விசேட ஆயத்தின் முன் நடைபெற்றது. குற்றஞ்சாட்டப்பட்ட ஐவருள் நால்வர் விடுவிக்கப்பட, சார்ஜன்ட் தரத்தினரான சுனில் இரத்நாயக்கவுக்கு 2015 யூன் 25ஆம் நாள் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இராணுவப் பொலிஸ் சில நாள்களிற் கண்டறிந்ததைச் சட்டம் உறுதி செய்யப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 2020 மார்ச் 26ஆம் நாள், முன்னாட் படை அதிகாரியாகிய சனாதிபதி கோட்டாபய இராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். கொள்ளைநோய்க் காலமாதலாற் கொழும்பு முழுவதும் அன்று ஊரடங்கில் இருந்தது. வெள்ளவத்தை மக்கள் அச்செய்தியைத் தம் வீடுகளுக்குள்ளிருந்தே கேட்டனர்.